குங்குமம் பட்ட சோயா

கண்ணாடிக் குவளையில் நின்ற காகிதப் பட்டையில் முதலில் ஒரு கோடு தெரிந்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அதற்குக் கீழே, வெளிறிய சிவப்பில், இன்னொரு கோடும் மெல்ல எழுந்தது. ஒரு கோடு என்றால் சரக்கு சுத்தம். இரண்டு கோடு என்றால் மரபணு மாற்றிய சோயா அதில் கலந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். அக்கா அந்தப் பட்டையிடமே விசாரிப்பதுபோல, "எப்படி வந்தே?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் தானியம் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் காகிதங்களைத் தட்டச்சு செய்யும் கிளார்க். சரக்கின் தரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அக்கா. யாழ்ப்பாணக் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கேள்வி கேட்க ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துவிடும். எங்கள் தீவிலேயே பாயான் பாருவில், சோயாப்பாலைத் தவ்ஹுக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர், மரபணு மாற்றாத சோயாதான் வேண்டும், அதை எழுத்தில் உறுதி செய்யவும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படிப் பயிரிடும் விவசாயிகளைக் கடல்கடந்து தேடிப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

சரக்கு வந்த அன்று அக்கா என் உள்ளங்கையில் இரண்டு சோயாவை வைத்தார். "ஒண்ணு மாத்தினது, ஒண்ணு மாத்தாதது. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம், தம்பி." நான் பெரிய மேதாவிபோல ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கும் தெரியாது. அதுதானே வேடிக்கை!" என்று சிரித்தார். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் காப்பாற்ற அவர் செய்த ஏற்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. புது மூட்டை, தனித் துடைப்பம், தனி அள்ளுகரண்டி. "சோயாவுக்கு இவ்வளவு மடியா அக்கா?" என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன்.

இரண்டு கோடு வந்ததும் மேனேஜர், விவசாயிகள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று குதித்தார். அவர்களுக்கு அனுப்பக் காரசாரமாக ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அக்கா அதை அனுப்பவிடவில்லை. அடுக்கின் பின்பக்கத்து மூட்டையில் கொஞ்சம் எடுத்து அரைத்துப் பார்த்தார். ஒரே கோடு. முன்வரிசையில் எடுத்தார், மறுபடி இரண்டு. மூட்டைக்கு மூட்டை சோதிக்கலாம் என்றால் கைவசம் நாலைந்து பட்டைதான் மிச்சம். கடைசியில் முன்வரிசை மூட்டையின் வாயிலிருந்து அள்ளிய சோயாவைத் தட்டில் பரப்பி, விளக்கடியில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதில் குங்குமம் ஒட்டியிருந்தது.

மூன்று நாளைக்கு முன் ஆயுத பூசை. அக்கா அன்று விடுப்பு. எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா அடுக்கிலிருந்தும், மரபணு மாற்றிய சோயா அடுக்கிலிருந்தும்கூட, ஒரு பிடி தானியம் எடுத்து ஒரே தாம்பாளத்தில் கொட்டிச் சாமி முன் வைப்போம். தீபாராதனை முடிந்ததும் அந்தக் கலவையை எல்லா அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போடுவோம். கிடங்கு ஒருநாளும் காலியாகக் கூடாது என்பதற்காக. அந்த வருடம் மற்றவர்கள் சுண்டல் வாங்கப் போன பிறகு தாம்பாளம் என் கையில் இருந்தது. தனித் துடைப்பத்தைக் கிண்டல் செய்த அதே கையால்தான் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முன்வரிசையத் தூக்கிட்டு சைன் போடுங்கலா, ஒரு கைப்பிடிதானே!" என்றார் மேனேஜர். போட்டவன் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அக்கா அசையவில்லை. "எத்தனை மூட்டையில விழுந்துச்சுன்னு தெரியாம எப்படி சைன் போடுறது? போட்டவங்க வந்து சொன்னா மிச்சத்துக்குப் போடலாம். இல்லாட்டி முழுச் சரக்கும் கோழித் தீவனம்தான்."

மத்தியானம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. அனுப்பாத அந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. யாரோ ஒரு விவசாயியைத் திருடன் என்று என் விரலே அடித்திருந்தது. வெட்கமாக இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எழுந்து அக்காவிடம் போனேன். "பதினோரு மூட்டை அக்கா. சோதனைக்காக வாய் பிரிச்சிருந்ததுல மட்டும்தான். போட்டது நான்."

திட்டுவார் என்று நின்றேன். அவருக்கோ முகமெல்லாம் ஆர்வம். எந்தப் பக்கமிருந்து ஆரம்பிச்சீங்க, கீழே சிந்துச்சா, சிந்தினதை யார் பெருக்கினது, தாம்பாளம் காலியானது எந்த மூட்டைகிட்ட? ஒரு மணி நேரம் கேள்விதான். பிறகு பதினோரு மூட்டையையும் எண்ணிப் பார்த்து வெளியே எடுக்கச் சொன்னார். மீதியில் நான் சொன்னதற்குப் பக்கத்து மூட்டைகளாகப் பார்த்துச் சோதித்தார். எல்லாம் ஒரே கோடு.

பூசை நடந்ததையும் ஒளிக்காமல் எழுதித்தான் உறுதிக் காகிதம் தயாரானது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் தந்தார். "நீங்களும் போடுங்க, தம்பி. எத்தனை மூட்டைன்னு தெரிஞ்சவர் நீங்கதானே." அதுவரை நான் தட்டச்சு செய்த எந்தக் காகிதத்திலும் என் பெயர் வந்ததில்லை. தவுக்கே அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டார். வாங்குகிறவர் அப்படிச் செய்த பிறகு மேனேஜருக்கு என்னை வீட்டுக்கு அனுப்ப வாய் வரவில்லை.

இப்போது பேரங்காடியில் தவ்ஹு பாக்கெட்டிலெல்லாம் 'மரபணு மாற்றாதது' என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். என் மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். நான் மட்டும் அங்கேயே நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கிடங்கிலிருந்து இங்கே வரும் வழியில் எத்தனை கை இதைத் தொட்டிருக்கும், அதில் எத்தனை பேர் மத்தியானத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.