கூமர் தன் துருத்திக்குக் காவல் இருந்த கதை

கூமர் தண்ணீரை முகர்ந்து பார்க்காமல் குடித்து திமியா ஊரில் யாரும் கண்டதில்லை. தானே கிணற்றில் இறைத்த தண்ணீராக இருந்தாலும் சரி, எங்கள் ஆண்கள் முகத்தை மூடிக் கட்டும் முகத்திரையை லேசாக விலக்கி, மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் நிறுத்தி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவான். யாராவது தேநீர் கொடுத்தால் கொடுத்தவர் முதலில் குடிக்கட்டும் என்று குவளையைக் கையிலேயே வைத்திருப்பான். விருந்துக்கு வந்த இடத்தில் இப்படிச் செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் ஊருக்குப் பழகிவிட்டது.

பிறவியிலேயே அப்படி இல்லை. மீசை முளைத்த புதிதில் முதன்முதலாக உப்பு வாங்க பில்மாவுக்குப் போனபோது, மேலே மட்டும் உப்பும் உள்ளே மணலுமாக வார்த்த கட்டிகளை ஒருவன் அவன் தலையில் கட்டிவிட்டான். அதைப் பாலைவனம் முழுக்கச் சுமந்து வந்து, ஊரார் முன்னால் பெருமையாக உடைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அன்று ஊர் சிரித்த சிரிப்பு அவன் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு பார்ப்பதையெல்லாம் உடைத்துப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. தமூமினைப் பெண் கேட்டு அவள் வீட்டில் உடனே சரி என்றபோது, ஏன் இவ்வளவு சீக்கிரம் சரி என்றார்கள் என்று ஒரு மாதம் விசாரித்தான். நல்லவேளை, விசாரித்தது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வருஷம் ஒட்டகங்கள் பில்மாவுக்குக் கிளம்ப வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனது. மழை முடிந்து, குளிர் தொடங்கி, பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கூமர் சேர்ந்திருந்த கூட்டத்துக்கு எஃபாத் தலைவர். தெனெரே என்னும் அந்த மொட்டை மணலில் ஒரு புல் முளைக்காது. ஒட்டகத்துக்கு வேண்டிய புல்லையும் ஆளுக்கு வேண்டிய தண்ணீரையும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். அதற்காக அறுத்துக் கட்டிய புல்கட்டுகள் கூடாரங்களுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. கிளம்பாமல் நிற்கும் ஒட்டகம் அதைத்தான் தின்னும். நாள் தள்ளத் தள்ளக் குவியல் இறங்கியது. ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வருஷம் பயணம் இல்லை. பயணம் இல்லையென்றால் உப்பு இல்லை, உப்பைக் கொடுத்து வாங்கும் கம்பும் இல்லை. வீட்டில் உலை எதை வைத்து ஏற்றுவது?

முதல் தடவை எல்லாம் தயாராகத்தான் இருந்தது. சுமை ஏற்றியாயிற்று, எஃபாத் தொழுதும் முடித்துவிட்டார். கூமர் தண்ணீர் சுமக்கும் தோல்பையான தன் துருத்தியைத் தூக்கப் போனான். அது தொளதொளவென்று காலியாகத் தொங்கியது. கழுத்துத் தையலை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். புதுத் துருத்தி அது. இத்தனை வருஷம் அவன் மாமியார்தான் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்துவந்தாள். அவள் விரல்கள் மடங்கிவிட்டதால் இந்த வருஷம் தமூமின் முதல்முறையாகத் தானே இரண்டு துருத்தி செய்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்துக் குலவையிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முள்ளாக இருக்கும் என்றார் எஃபாத். ஆடு முட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். முள் இவ்வளவு நேராகக் கிழிக்காது, இது கத்தி என்றான் கூமர். சொல்லிவிட்டு எல்லார் கத்தியையும் ஒரு பார்வை பார்த்தான். எங்கள் ஆண்கள் கத்தியை இடது முன்கையில் உறையோடு கட்டிக்கொள்வார்கள், ஆகவே பார்ப்பது சுலபம்.

சுமையை இறக்கினார்கள். இரண்டாவது துருத்திக்குத் தார் பூசிக் காயவைப்பதற்குள் கூமரின் ஒட்டகம் ஒன்று கால்கட்டு அறுந்து பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. கயிறு இற்றுப்போன கயிறு, குழந்தைக்குக்கூடத் தெரியும். கூமர் அறுந்த முனையை விளக்குவெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் ஆராய்ந்தான். ஒட்டகத்தைத் தேடிப் பிடித்து வந்தபோது எஃபாத் காய்ச்சலில் படுத்திருந்தார். நலம் விசாரிக்கப் போன கூமர் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அன்பினால் வைத்த கை என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

கடைசியில் அவன் சந்தேகம் பர்க்காமேல் போய் உட்கார்ந்தது. பர்க்கா அவனுடைய மாமன் மகன். மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், பொருளை ஒளித்து வைக்கலாம், கோபிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். போன வருஷம் கூமரின் பேரீச்சம்பழப் பையில் ஆட்டுப்புழுக்கையை நிரப்பி அனுப்பியவன் பர்க்கா. ஆனால் அந்த விளையாட்டுக்கும் ஒரு வேலி உண்டு. தண்ணீரில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒருவன் துருத்தியைக் கிழித்தான் என்று சொல்வது கொலைகாரன் என்று சொல்வதற்குச் சமம். கூமர் அதைக் கருவேல மரத்தடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

பர்க்கா சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்து பார்ப்பது எல்லாருக்கும் அதுதான் முதல் தடவை.

"உன் பையில புழுக்கை போட்டேன், சேணத்த ஒளிச்சு வச்சேன். எல்லாம் நான்தான் மச்சான். தண்ணியில விளையாடுற ஆளா நானு? நம்ம கெழவனுங்க எத்தன பேரு அந்த மணல்ல நாக்கு வறண்டு கெடக்கறானுங்க, அதுல ஒருத்தன் என் அப்பன். இனிமே உன்கூட ஒரே வரிசையில நான் நடக்கமாட்டேன்."

தன் ஒட்டகங்களையும் தம்பிகளின் ஒட்டகங்களையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டான். அவர்கள் விலகினால் மிச்சமுள்ள ஆட்களை வைத்துக்கொண்டு தெனெரேயில் இறங்க மாட்டேன் என்றார் எஃபாத். காய்ச்சல் விட்ட உடம்போடு எழுந்து போய்ப் புல்குவியலைப் பார்த்துவிட்டு வந்தார். நாளைக் காலைக்குள் கூமர் நிரூபிக்க வேண்டும், இல்லை சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் புல்லை அவிழ்த்து ஆடுகளுக்குப் போட்டுவிடலாம் என்றார்.

கூமர் நிரூபிக்கத்தான் போனான். இரண்டாவது துருத்தி கூடாரத்துக்கு வெளியே மூன்று கழிகளைக் கூட்டிக் கட்டிய முக்காலியில் தண்ணீர் நிரம்பித் தொங்கியது, ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக. தோட்டத்துக்குப் பேரீச்சம்பழம் எடுக்கப் போவதாக எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினான். உச்சிவெயிலில் ஊர் கண்ணயர்ந்த நேரத்தில் சுற்றுவழியாகத் திரும்பி வந்து, சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு, புல்கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கினான். புல்தூசி மூக்கில் ஏறியது. தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வந்தது பர்க்கா இல்லை. ஒரு காலைச் சாய்த்து நடக்கும் நடையும் நீலத்துணியும். அவன் மாமியார்.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மருமகன் வாயால் சொல்லக் கூடாத பெயர் அது, இது அவன் கதை. மாமியார் எதிரே மருமகன் வாய் திறந்து பேச மாட்டான், சாப்பிட மாட்டான், ஏறிட்டும் பார்க்க மாட்டான். அவளும் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் நிழல் விழுந்ததுமே கூமர் முகத்திரையைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டான். திரும்பினது மருமகன். சந்தேகக்காரன் சும்மா இருப்பானா? புல்கட்டின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தான்.

அவள் முதலில் ஒரு மரக்கிண்ணத்தைத் துருத்திக்குக் கீழே வைத்தாள். கழுத்துத் தையலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு மடியிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்து விரல் நீளத்துக்குக் கீறினாள். தண்ணீர் கிண்ணத்தில் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். கிண்ணம் நிறைந்ததும் பானையில் ஊற்றிவிட்டு வந்து மறுபடி வைத்தாள். ஒரு சொட்டும் மணலில் விழாமல் முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

தடயம் தெரியாமல் செய்கிறாள் என்று நினைத்தான் கூமர். என்னை மணலில் சாகவிட்டு மகளுக்கு வேறு இடம் பார்க்கிறாளா? யார் அவன்? ஊரில் மணமாகாத ஆண்களையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவன் மூளைக்கு அதற்கெல்லாம் அதிக நேரம் பிடிக்காது.

ஆனாலும் உடைத்துப் பார்க்கும் புத்தி அவனைத் துருத்திக்கு இழுத்துப்போனது. கிழிசலில் விரலை வைத்தான். விரல் உள்ளே போனது. லேசாக இழுத்தான், ஊறின ரொட்டி போலத் தோல் கையோடு வந்தது. இன்னும் இழுத்தான், கழுத்துப் பகுதி முழுக்கக் கழன்றுவிட்டது. மயிர் உதிர்வதற்காகச் சாம்பல் கரைசலில் ஊறவைக்கும்போது காரம் அதிகமாகித் தோல் வெந்திருக்கிறது. வெளியே தார் பூசி மினுமினுப்பாக இருந்ததால் தெரியவில்லை. ஓடிப்போய், மூலையில் கிடந்த முதல் துருத்தியை எடுத்துப் பார்த்தான். அதுவும் அப்படித்தான். விடிந்ததிலிருந்து ஒட்டகத்தின் விலாவில் ஆடி ஆடிப் போகும் துருத்தி இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது. மூன்றாம் நாள் சுற்றிலும் மணலாக இருக்கும்.

அவனுக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல இருந்தது, உட்கார்ந்தான். சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. எப்படிச் சொல்லுவாள்? அவனிடம் அவள் பேசக் கூடாது. மகள் மூலமாகச் சொல்லி அனுப்பினால், ஏன் வேண்டாம், யார் சொன்னது, என்ன குறை என்று அவன் துருத்தியைத் தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போயிருப்பான். தமூமின் வேகவைத்த தோலைப் பற்றிக் கிணற்றடியில் பாட்டே கட்டியிருப்பார்கள். முள்ளில் கிழிந்தது என்று போயிருந்தால் யாருக்கும் மானம் போயிருக்காது. அவன் சந்தேகத்துக்குப் பயந்துதான் அவள் கத்தியை எடுத்திருக்கிறாள். இதில் எங்கேயாவது கெட்ட எண்ணம் இருக்கிறதா என்று கூமர் தேடித் தேடிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பார்த்ததைச் சொன்னால் மாமியார் முகமும் பெண்டாட்டி முகமும் கருகும். சொல்லாமல் இருந்தால் பர்க்கா ஆயுள் முழுக்கத் தண்ணீர்க் கொலைகாரன். சாயங்காலம் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள்.

"நான்தான் கிழிச்சேன்," என்றான் கூமர்.

யாருக்கும் புரியவில்லை. கையில் கட்டிய கத்தி உறையை விட்டு நழுவியிருந்தது, துருத்தியைத் தூக்கி மாட்டும்போது முனை பட்டுவிட்டது, இன்றைக்கு மத்தியானம் இரண்டாவதும் அப்படியே போனபோதுதான் கவனித்தேன் என்று விளக்கினான்.

எஃபாத் கேட்டார்: "ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மணல் உப்பை உடைத்த அன்று கிளம்பிய அதே சிரிப்பு. கூமர் தலையைக் குனிந்துகொண்டு முழுசையும் வாங்கிக்கொண்டான். பர்க்காவிடம் போய்த் தப்பு என்மேல் என்றான். வலித்தது, ஆனாலும் சொன்னான்.

பர்க்கா அவனை மேலும் கீழும் பார்த்தான். "சரி மச்சான், வரேன். ஆனா ஒண்ணு. பில்மா போய் வர்ற வரைக்கும் உன் கத்தியத் துணி சுத்திக் கட்டிக்கணும். சின்னப் புள்ள கையில இருக்கற சாமானு, பயமா இருக்கு."

மறுநாள் விடிந்தபோது கூமரின் சுமையில் தேய்ந்து கறுத்த பழைய துருத்திகள் இரண்டு தண்ணீரோடு தொங்கின. அம்மா தன் துருத்தியை யாருக்கும் தர மாட்டாள், இன்றைக்கு அவளே தூக்கிக் கொடுத்தாள், ஏனென்று தெரியவில்லை என்று தமூமின் ஆச்சரியப்பட்டாள். கூமருக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. பாய்த்தட்டிக்குப் பின்னால் மாமியார் உட்கார்ந்திருப்பது நிழலில் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல், குரலை மட்டும் உயர்த்தி ஒட்டகத்திடம் பேசினான்.

"ஏ ஒட்டகமே, பார்த்து நட. இது நல்ல கை தச்ச துருத்தி. கொடுத்தவங்க கையில திரும்பக் கொண்டாந்து சேர்க்கணும்."

தட்டிக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. அதைத் தொடர்ந்து, குட்டியிடம் பேசுகிற குரல் வந்தது.

"குட்டி, போறவங்க கிட்ட சொல்லு. அடுத்த தடவ புல்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சா செருப்ப வெளிய விட்டுட்டு ஒளிய வேணாம்."

கூமர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவள் பார்த்திருக்கிறாள். அவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்துதான் கிண்ணத்தை வைத்திருக்கிறாள், தெரிந்துதான் கீறியிருக்கிறாள். ஊரில் யாரும் நம்பாத ஆளை நம்பியிருக்கிறாள். முன்னால் எஃபாத் குரல் கொடுத்தார், ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன, வரிசை நகர்ந்தது.

மலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் முதல் தங்கல். கூமர் துருத்தியைச் சாய்த்துக் குவளையில் ஊற்றி, முகத்திரைக்குக் கீழே கொண்டுபோய் அப்படியே மடக்மடக்கென்று குடித்துவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பர்க்கா அதைக் கண் கொட்டாமல் பார்த்தான். தப்பை ஒத்துக்கொள்ளாத மனுஷன் நேற்று ஒத்துக்கொண்டான், இன்றைக்குத் தண்ணீரை முகராமல் குடிக்கிறான். இதில் ஏதோ இருக்கிறது.

கூமர் அதே குவளையை நிரப்பி அவனிடம் நீட்டினான். பர்க்கா வாங்கி, முகத்திரையை விலக்கி, மூக்குக்குக் கீழே வைத்து வெகுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.