சாராயக்கடை ஜக்கையன்

புட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி வெயிலுக்கு நேராகப் பிடிப்பான் ஜக்கையன். மேலே நுரை முத்து முத்தாகக் கட்டும். முத்து பெரிதாக எழுந்து சற்று நின்றால் சரக்கில் காரம் உண்டு. எழுந்த வேகத்தில் உடைந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. "கெணத்தையே கவுத்துருக்கான்யா" என்று முனகியபடி புட்டியைத் தள்ளி வைப்பான்.

அடுத்தது உள்ளங்கை. சொட்டு விட்டுப் பரபரவென்று தேய்த்து, காரம் பறந்ததும் கையை மூக்கருகே கொண்டுபோவான். வேலம்பட்டை மணக்க வேண்டும். அதற்கு அடியிலிருந்து கருப்பட்டி மெதுவாக மேலே வர வேண்டும். தீய்ந்த வாடை வந்தால் அடுப்பெரித்தவன் அவசரப்பட்டிருக்கிறான்.

வாய்க்குக் கடைசியில்தான் வேலை. முதல் வாய் நாக்கைக் கழுவுவதற்கு, துப்பிவிடுவான். இரண்டாவது வாயைக் கன்னத்தில் ஒதுக்கி, உதட்டைத் திறந்து காற்றை உறிஞ்சுவான். அதையும் துப்பிவிடுவான். "குடிக்கிறவன் தொண்டையில குடிக்கிறான்ணே. ருசி பாக்குறவனுக்கு மூக்குதான் வாயி" என்பான். அவன் விழுங்கி நான் பார்த்ததில்லை.

மலையிலிருந்து இறங்கும் கூலிக்காரர்கள் உப்பை நக்கி, நாரத்தங்காயைக் கடித்துக்கொண்டு ஒரே மடக்கில் கவிழ்ப்பார்கள். அதைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உப்பும் புளிப்பும் கெட்ட சரக்க மறைக்கிறதுக்கு அப்பு. நல்ல சரக்கக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள விடு. அது பேசுறதக் கேளு." ஏலக்காய் பறித்த கையோடு வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவான். "ஒங் கையே ஊர மணக்குது. கழுவிட்டு வா. இல்லாட்டி சாராயம் எங்கிட்டு மணக்கும்?"

கடை, குத்தகைக்காரர் உக்கிரபாண்டியுடையது. ஜக்கையன் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தான். சரக்கு வந்து இறங்கினால் அவன் தலையசைத்த பிறகே சிரட்டைகள் நீளும். அதற்குக் காரணம் இருந்தது. சர்க்கார் சரக்கு போதாதபோது, காட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதையும் உக்கிரபாண்டி வாங்கிக் கலப்பார். காய்ச்சுகிறவர்களில் சிலர் போதை ஏறட்டும் என்று ஊமத்தை விதையை இடித்துப் போடுவதுண்டு. குடித்தவன் கருவிழி விரிந்து பிதற்றுவான். அந்த விதையின் வாடையைப் பிடித்து, முதலாளி பல்லைக் கடிக்கக் கடிக்க, ஜக்கையன் பானையோடு சாக்கடையில் கவிழ்த்ததைப் பார்த்திருக்கிறேன். கடைக்கு எதிரே உள்ள ஏலக்காய் மண்டியில்தான் எனக்கு வேலை.

பிறகு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. போடியில் பாடை கட்ட மூங்கில் கிடைக்கவில்லை. ஜக்கையனின் மனைவி மாயக்காள் காய்ச்சல் கண்ட வாரத்திலேயே போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் நினைவில்லாமல் கிடந்தான்.

பிழைத்து எழுந்தவன் ஒரு காலையில் மண்டிக்குள் வந்தான். யாரையும் கேட்காமல் ஒரு மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே புதைத்தான். நெடுநேரம் எழவில்லை. நிமிர்ந்தபோது மீசையில் ஏலக்காய்த் தோல் ஒட்டியிருந்தது.

"இது ஏலக்கா தானேண்ணே?"

"முதல் தரம்" என்றேன்.

"ஒண்ணுந் தெரியலண்ணே. அவ சேலைய எடுத்து மோந்து பாத்தேன். அதுலயும் ஒண்ணுந் தெரியல."

சில நாட்களில் அவன் மறுபடி கடையில் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தான். கையைத் தேய்த்தான், முகர்ந்தான், துப்பினான். எல்லாம் பழையபடியே இருந்ததால் மூக்கு திரும்பிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அமாவாசை என்று ஒரு பொதிமாட்டுக்காரன். குரங்கணிக்கு அரிசி ஏற்றிப் போகிறவன். ஒரு நாள் பிற்பகல் எங்கள் கண்ணெதிரே இரண்டு சிரட்டை குடித்துவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். வழியில் கண்டவர்கள், அவன் ஆளில்லாத இடத்தில் யாருடனோ பேசிக்கொண்டு போனான் என்றார்கள். "கண்ணு பூராம் கருவிழியா இருந்துச்சு" என்றார்கள். மாடுகள் மட்டும் குரங்கணி போய்ச் சேர்ந்தன. அவனை மறுநாள் பள்ளத்திலிருந்து எடுத்து வந்தார்கள்.

பிணத்தைக் கிடத்தியிருந்த வாசலில், அவன் மனைவி ஒச்சம்மாளின் முன்னால் போய் நின்றான் ஜக்கையன்.

"ஆத்தா, எனக்கு மூக்கு செத்துப்போச்சு. காய்ச்சல்லயே போயிருச்சு. வேற ஆளப் பாருங்கன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். 'மூக்கு செத்தது ஒனக்கும் எனக்குந்தானடா தெரியும், தலை ஆடுதுல்ல, அது போதும்'னாரு. ஆட்டிட்டேன். ஒம் புருசனுக்கு நாந்தான் ஊத்துனேன்."

ஒச்சம்மாள் அழுகையை நிறுத்தினாள். அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

"நீ ஒரு வாய் முழுங்கியிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

கால் இடறி விழுந்தான் என்று விசாரணை முடிந்தது. கடையை யாரும் மூடவில்லை. உக்கிரபாண்டி ஜக்கையனை வெளியே தள்ளப் பார்த்தார். அவனோ கடை வாசலில் எல்லோரும் பார்க்க ஒரு சிரட்டை நிறைய வாங்கி, ஒரு சொட்டு துப்பாமல் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க குடிங்க" என்றான். அன்றிலிருந்து அவன் குடிக்காத பானையைக் கூலிக்காரர்கள் தொடுவதில்லை. அதனால் உக்கிரபாண்டிக்கு அவனை விடவும் முடியவில்லை.

இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது, பாதம் வீங்கியிருக்கிறது. போன மாதம் ஒரு சரக்கில் நாக்கு வறண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பிதற்றினான். அந்தப் பானையைக் கூலிக்காரர்களே உடைத்தார்கள். அவன் தெளிய மறுநாள் மதியமாயிற்று.

"விட்டுட்டுப் போயேன்டா" என்று ஒருமுறை சொன்னேன்.

"நான் போனா கடையும் போகுமாண்ணே?"

"ருசியாவது தெரியுதா?"

"சுடுது. அம்புட்டுத்தான்."

ஒச்சம்மாள் இப்போது கடைக்குப் பக்கத்தில் அவித்த மொச்சை விற்கிறாள். இருவரும் பேசி நான் கேட்டதில்லை. இன்றும் பானை வந்தது. ஜக்கையன் குடித்துவிட்டு உட்கார்ந்தான். வெயில் அவன் முழங்காலிலிருந்து மார்புக்கு ஏறியது. சிரட்டையும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். ஒச்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவன் முகவாயைப் பிடித்து முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் இமையைத் தூக்கிக் கருவிழியைப் பார்த்தாள். பிறகு அடுத்த கண். நீர் வழிந்தது. அவள் விரலை எடுக்கும்வரை அவன் முகத்தை அசைக்கவில்லை.