சொந்த ஊர் வலையில் ஒரு கோல்

டெனிஸ் கிரிம்ஷாவுக்குப் பந்தைத் தலையால் முட்டத்தான் முதலில் வந்தது. காலால் உதைப்பதெல்லாம் அப்புறம். கார்ஸ்டேலில் பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த சந்தில் அவனுடைய அக்கா நோரீன் பந்தை எறிந்து கொடுப்பாள், அவன் குதித்துக் குதித்து நெற்றியால் அடிப்பான். ஆறு வயது மூத்தவள். மழையில் ஊறிய தோல் பந்து கல் மாதிரி கனக்கும். "வலிக்குதாடா?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் மேல எறி" என்பான்.

பதினாறு வயதில் ஊர் கிளப்பில் எடுத்தார்கள். கார்ஸ்டேல் டவுன் நான்காம் டிவிஷன் கிளப். முதல் மூன்று வருஷம் பெரியவர்களின் பூட்ஸைத் துடைத்தான், கழிப்பறை கழுவினான், கோல் வலைகளைக் கட்டி அவிழ்த்தான். பிறகு முதல் அணியில் இடம் கிடைத்தது. ஒன்பது சீசன் முன்வரிசையில் ஆடினான். அழகாக கோல் போடுகிறவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. கோல்கீப்பர் கையிலிருந்து நழுவிய பந்து, எவனோ ஒருவனின் முழங்காலில் பட்டுத் தெறித்த பந்து, எங்கே போவதென்று தெரியாமல் உருளும் பந்து, இவற்றுக்கெல்லாம் முன்பே போய்க் காத்திருப்பான். தொடையில் பட்டு உள்ளே போனது உண்டு, இடுப்பில் பட்டும் போனதுண்டு. மூக்கு இரண்டு தடவை உடைந்தது. முன்பற்கள் இரண்டு ஏதோ ஒரு வெளியூர் மைதானத்துச் சேற்றில் இருக்கின்றன.

"நம்ம டெனிஸ் சீப்பால தலைவாரின நாள்ல கோல் போட்டதில்ல" என்று நோரீன் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இருபத்தெட்டு வயதில் கிளப் அவனை வேறொரு கிளப்புக்கு விற்றது. அந்த வருஷப் புயலில் பார்வையாளர்கள் நிற்கும் கிழக்கு ஸ்டாண்டின் கூரை பிய்ந்துபோயிருந்தது. அவனை விற்ற பணத்தில் புதுக் கூரை போட்டார்கள். விற்ற விஷயத்தை அவனுக்கு மேனேஜர் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஆள்தான் சொன்னார். ஊரில் அந்தக் கூரைக்கு "டெனிஸ் கூரை" என்றே பெயர் வந்துவிட்டது. நோரீன் ஆட்ட நாட்களில் அந்த ஸ்டாண்டின் கீழேதான் டீயும் சூடான மாட்டிறைச்சிச் சாறும் விற்றுக்கொண்டிருந்தாள். மழை பிடித்தால் யாராவது ஒருத்தர் தவறாமல் சொல்வார்: "உன் தம்பி புண்ணியத்துல நனையாம நிக்கிறோம், நோரீன்." பாராட்டாகத்தான் சொன்னார்கள். அவள் கோப்பையில் சர்க்கரையைப் போட்டு, தேவைக்கு மேல் கலக்கிக் கொடுப்பாள்.

அதற்கப்புறம் ஐந்து வருஷத்தில் மூன்று கிளப். கடற்கரை ஊர் ஒன்று, நாட்டின் நடுப்பகுதியில் ஒன்று, அதற்கும் தெற்கே ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் வாடகை வீடு, பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த வீடு. மூன்றாவது வீட்டில் அவனுடைய மனைவி பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கார்ஸ்டேலுக்கே திரும்பிவிட்டாள். கணுக்கால் கெட்டுப்போனது. வெள்ளிக்கிழமை அதில் ஊசி, சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவது. மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கடைசியில் பிரிக்லி கிளப்பில் சேர்ந்தான். அது மலைக்கு அந்தப் பக்கம், ஏழே மைல். கார்ஸ்டேல்காரர்கள் பிரிக்லிக்காரர்களோடு கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆனால் பேச மாட்டார்கள்.

முப்பத்து மூன்று வயது. பிரிக்லி கொடுத்தது ஒரே ஒரு சீசன். அது முடிந்தால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவனுக்குப் பந்தைத் தவிர வேறு தொழில் கிடையாது.

மார்ச் மாதம் கார்ஸ்டேலின் புது மேனேஜர் ரெக் ஸ்டெயின்டன் அவனை ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்துப் பேசினார்.

"வீட்டுக்கு வந்துடுப்பா டென். ரெண்டு வருஷம் தர்றேன். முதல் வருஷம் ஆடு. அடுத்த வருஷம் சின்னப் பசங்களுக்குக் கோச்சா இரு. அப்புறம் உன் சாமர்த்தியம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா பாஸ்?"

"கை குடுக்கறேன்ல? ஆனா ஒண்ணு. நாங்க லீக்ல இருந்தாத்தான். கீழ விழுந்துட்டா எனக்கே சீட்டு இல்ல."

அன்று அவன் நேராக நோரீன் வீட்டுக்கு வந்து, அவள் பொரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கு முழுவதையும் நின்றபடியே தின்றான். "நோரி, நான் வீட்டுக்கு வர்றேன்" என்றான். பல வருஷமாக அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

ஏப்ரல் முழுக்க கார்ஸ்டேல் தோற்றது. அட்டவணையில் கடைசி இடத்துக்கு வருகிற கிளப் லீக்கை விட்டே வெளியேற வேண்டும். அதற்குக் கீழே பாதிச் சம்பள ஆட்டமும் காலி ஸ்டாண்டும்தான். கடைசி சனிக்கிழமை கார்ஸ்டேல் தன் மைதானத்தில் டிரா செய்தால் தப்பிக்கும், தோற்றால் போய்விடும். அன்றைக்கு எதிரணி பிரிக்லி.

புதன்கிழமை டெனிஸ் சாப்பிட வந்தான். நோரீனின் கணவர் விக் வெளுத்துப்போன கார்ஸ்டேல் மப்ளரைச் சாப்பாட்டு மேசையிலும் கழற்றாதவர். சாப்பாடு பாதி ஆகும்வரை பொறுத்தார்.

"கணுக்கால் எப்படிப்பா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு, விக்."

"பார்க்க மோசமாத் தெரியுதே. நான் டாக்டர் இல்ல. ஆனா அந்தக் காலோட சனிக்கிழமை இறங்குறது..."

"விக்" என்றாள் நோரீன்.

"நான் என்ன சொல்லிட்டேன்? கால் வலிக்குதுன்னு சொன்னா யார் இல்லேங்கப் போறாங்க? பிரிக்லிக்கு ஜெயிச்சாலும் ஒண்ணுதான் தோத்தாலும் ஒண்ணுதான். பத்தாவது இடத்துல கிடக்குறானுங்க."

டெனிஸ் கத்தியையும் முள்ளையும் தட்டில் வைத்தான். "பிரிக்லிக்காரனுக்கு ஒண்ணுதானா? உங்கள கீழ தள்ளுறதுக்கு அவனுங்க பொண்டாட்டிய வித்துக்கூட வருவானுங்க, விக்."

சிரிக்கவேண்டிய பேச்சுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

வாசல்வரை நோரீன் கூடவே போனாள். கார் கதவைத் திறந்தவனின் கையைப் பிடித்தாள். கேட்கக் கூடாது என்று அடுப்படியிலிருந்து வாசல் வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

"டென், அவர் சொல்ற விதம் தப்பு. விஷயம் தப்பில்லடா. ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம் உட்காரு. அப்புறம் ரெண்டு வருஷம் இங்கயே இருப்பே. பிள்ளைய தினம் பாக்கலாம்."

"நீயுமா நோரி?"

"நான் உனக்காகத்தான்..."

"தெரியும். என்னால முடியாது. அங்க நின்னா பந்து வரும், பந்து வந்தா நான் போவேன். என்னைக்கு போகாம நின்னேனோ, அன்னைக்கு நான் இத்தனை வருஷம் வாங்கின உதையெல்லாம் சும்மா."

சனிக்கிழமை பிரிக்லி மேனேஜர் அவனைப் பெஞ்சில்தான் உட்காரவைத்தார். நோரீனுக்கு உயிர் வந்தது. பாதி ஆட்டம் முடிந்தது, யாருக்கும் கோல் இல்லை. டீக்கடையில் ஆட்கள் வாங்கிய டீயைக் குடிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது ஒலிபெருக்கி டெனிஸ் பெயரைச் சொன்னது. மைதானமே எழுந்து கைதட்டியது. எதிரணிச் சட்டையில் வருகிறவனுக்குக் கார்ஸ்டேலில் அப்படி ஒருநாளும் தட்டியதில்லை. நோரீன் கடையின் பலகையைச் சாத்திவிட்டு, ஏப்ரனோடு படியேறி ஸ்டாண்டின் ஓரத்தில் நின்றாள்.

அவன் நொண்டிக்கொண்டுதான் ஓடினான். பந்து அவன் பக்கமே வரவில்லை. கார்ஸ்டேல் பையன் ஒருவன் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். பிரிக்லிக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்தைத் தாண்டி, யாரோ தலையால் அடித்து வெளியே தள்ள, உயரமாகச் சுழன்றுகொண்டு வந்தது. அவனை ஒட்டியிருந்த பையன் கோலைக் காக்க உள்ளே போயிருந்தான், பெனால்டி கட்டத்துக்கு வெளியே டெனிஸ் தனியாக நின்றிருந்தான். நோரீனுக்கு அவன் பின்பக்கம்தான் தெரிந்தது. தோள் திரும்பிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாம்டா" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

பந்து தரையில் விழவில்லை. இடது காலால், கெட்டுப்போன அந்தக் கணுக்காலோடு, விழுவதற்கு ஒரு சாண் முன்னால் அடித்தான். அது எழும்பி, கோல்கீப்பர் விரலுக்கு மேலே போய், கம்பத்தின் உள்மூலையைத் தொட்டு வலைக்குள் இறங்கியது. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு கோல் போட்டதில்லை. அப்படி அடிக்கத் தெரியும் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டவன் குதிக்கக் கூடாது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். டெனிஸ் உள்ளங்கைகளைக் கீழ்நோக்கிக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, நடுக்கோட்டுக்கு நடந்தான். மேலே விழுந்து கட்டிக்கொள்ள வந்த சக ஆட்டக்காரர்களை மெதுவாகத் தள்ளிவிட்டான். கார்ஸ்டேல் பக்கம் சாவு வீட்டு அமைதி. கோலுக்குப் பின்னால் இருந்த பிரிக்லிக்காரர்கள் முதலில் கத்தினார்கள். அவன் நடப்பதைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தே ஊளையிட்டார்கள்.

"எங்க சட்டையைக் கழட்டிட்டுப் போய் அவனுங்க மடியில உக்காருடா!"

கார்ஸ்டேல் போய்விட்டது. உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் ரெக் ஸ்டெயின்டன் அவனைத் தாண்டிப் போனார். கை கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை பிரிக்லி மேனேஜர் டெனிஸைக் கூப்பிட்டார்.

"நல்ல பையன் நீ, டென். ஆனா நம்ம சேர்மன் அதைப் பார்த்துட்டார். இந்த ஊர்க்காரன் இருபது வருஷமா காத்திருந்த கோல் அது. நீ அம்மாவைப் புதைச்சவன் மாதிரி நடந்துபோறே."

"என் பழைய கிளப், பாஸ்."

"உன்னை வித்த கிளப்."

பேச்சு அதோடு முடிந்தது, அடுத்த சீசனுக்கு அவனை எடுக்கவில்லை. முப்பத்து மூன்று வயது ஸ்ட்ரைக்கரை வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. ஒரு இடத்தில் இரண்டு நாள் சோதித்துப் பார்த்தார்கள், கணுக்காலை அழுத்திப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

ஊரில் யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ரொட்டிக் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்தில் மகளிடம், "உங்கப்பாதான எங்களக் கவுத்தது?" என்று கேட்டார்கள். ஆகஸ்ட் மாதம், சீசன் ஆரம்பிக்கும் வாரத்தில், கிளப்பின் டீக்கடைகளைக் கவனிக்கிற திருமதி பில்லிங் நோரீன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கண்ணு, உன் மேல யாருக்கும் கோபமில்ல."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"இந்த வருஷம் ஒரு கடை போதும்னு பாக்கறோம். கூட்டமே வரப்போறதில்லையே."

"அந்த ஒரு கடையில யாரு நிப்பா?"

திருமதி பில்லிங் கைப்பையின் பட்டனைப் போட்டாள், கழற்றினாள். "என் மருமக."

"அவளுக்குத் தண்ணி கொதிச்சுதா இல்லையான்னே தெரியாது" என்றாள் நோரீன். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அக்டோபரில் டெனிஸ் ஒரு தரைவிரிப்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சுருட்டிய விரிப்பைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோரீன் வீட்டில் வறுத்த மாட்டிறைச்சி சாப்பிட்டபின், விக் மைதானத்தைப் பற்றிப் பேசாமலிருக்க வேண்டி நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். டெனிஸ் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தான். அன்று வாசலில் கேட்டதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

"நோரி, அந்தக் கோல நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க நின்னு?"

"படியோரத்துல. உன் முதுகுக்குப் பின்னாடி."

அவன் ஒரு தட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். "எப்படி இருந்துச்சு? யாருமே சொல்லல. அவனுங்களும் சொல்லல, இவனுங்களும் சொல்லல."

அவனுடைய கோல்களைப் பற்றி நோரீன் அவனிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இடுப்பில் பட்டுப் போனதை இடுப்பில் பட்டது என்றுதான் சொல்வாள்.

"நீ போட்டதுலேயே நல்லது அதுதான். அந்த மைதானத்துல வேற யாரும் அப்படி ஒண்ணு போட்டு நான் பாத்ததில்ல."

அவன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உட்கார்ந்திருக்கலாமேன்னு நான் நினைக்கல" என்றான். "கோல் போட்டிருக்க வேண்டாமேன்னும் நினைக்கல. கையக் கீழ வச்சேன் பாரு, அதத்தான் நினைக்கறேன். எதுக்கு வச்சேன்? யாருக்கு மரியாதை? அப்படி ஒண்ணு எனக்கு வாழ்க்கையில ஒரே தடவ வந்துச்சு, நோரி. ஓடியிருக்கணும். தொண்டை கிழியக் கத்தியிருக்கணும்."

நோரீன் அவன் கையிலிருந்து தட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். அது காய்ந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.