மரக் காருக்கு வெள்ளி ஒட்டிய கதை

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு லாரிப் பட்டறையில் பெயிண்டராக இருந்தார். இன்னொருவர் பட்டறை, இன்னொருவர் ஸ்ப்ரே துப்பாக்கி, இன்னொருவர் சொல்லும் நிறம். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு ரூம், அதற்கு ஒரு ஷட்டர், மேலே தன் பேர் போட்ட போர்டு. போர்டை முன்கூட்டியே எழுதிவிட்டார். அது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இரண்டு வருஷம் கிடந்தது. அம்மா அதன்மேல் வெங்காயத்தைப் பரப்பி வைப்பாள்.

மாமா கண்வைத்திருந்த ரூம் மங்கலம் ரோட்டில் இருந்தது. அது ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். அவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவரிடம் முன்பு ஒரு நீலக் கார் இருந்தது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரையிடம் வாங்கிய வெளிநாட்டுக் கார். அது தெருவில் திரும்பினால் எதிரே வருகிற மாட்டுவண்டி நின்றுதான் ஆகவேண்டும், அத்தனை நீளம். அதில் பாதி நீலம், பாதி நிக்கல். பம்பர், முன்னால் பல்லைக் காட்டும் கிரில், கண்ணாடி ஓரத்துப் பட்டை, கதவுக் கைப்பிடி, சக்கர மூடி என்று பளபளப்பது எல்லாமே எங்களுக்கு நிக்கல்தான். நடுவில் ஒரு வருஷம் கம்பெனி படுத்துவிட்டது. பெரியவர் காரை விற்றார். அதன்பிறகு கம்பெனி எழுந்தது, வேறு கார் வந்தது. ஆனால் பெரியவர் அதில் ஏறி உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போவார்.

அவருக்கு அறுபது முடிகிற சமயத்தில் அவருடைய மூத்த மகன் பட்டறைக்கு வந்தார்.

"அந்த நீலக் கார நீதான் ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சே. உன்ற கைக்கு அது ஞாபகம் இருக்கும். அதே மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு குடு. மணிவிழா அன்னிக்கு அப்பா கையில குடுக்கோணும். அப்பா மொகத்தப் பாத்துட்டுச் சொல்றேன், அந்த ரூம உனக்கு வாடகைக்கு உடறதா வேண்டாமான்னு."

மாமா அன்று வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். வாத்தியார் அடித்தார் என்று வீட்டில் சொன்னேன். வாத்தியாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். எப்படியோ, எனக்கு நேரம் நிறைய இருந்தது. மாமா பின்னாலேயே திரிந்தேன்.

வண்டியில் ஒரு அடி என்றால் கட்டையில் ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டார் மாமா. குமிழ மரத்தில் ஒரு முழ நீளத்துக்குச் செதுக்கினார். பம்பர், கிரில், பட்டை எல்லாம் அதே மரத்தில் எழும்பி நின்றன. அதன்மேல் செங்கல் நிறத்தில் பிரைமர், நிக்கல் வரவேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு அதன்மேல் நீலம். மூன்று வாரத்தில் கார் வந்துவிட்டது. ஆனால் நிக்கல் இல்லாமல் அது வாயைக் கொப்பளித்துவிட்டுப் பல்செட் போட மறந்தவர் மாதிரி இருந்தது.

மரத்தில் நிக்கல் எப்படி வரும்? மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் பின்பக்கக் காகிதம் உரிந்து வந்துவிடும். மிச்சம் வெறும் வெள்ளி. அதைப் பசை தடவி கதவுக் கைப்பிடி மேல் வைத்தார். நகத்தால் நீவினார். பிறகு பனியன் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துண்டைப் பஞ்சு மாதிரிச் சுருட்டி, அதன் நுனியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கசங்கல் ஒவ்வொன்றாகச் செத்தது. கடைசியில் புது பிளேடால் ஓரத்தைச் சுற்றிக் கீறி வேண்டாததை உரித்தெடுத்தார். நெல்மணி அளவு கைப்பிடி. அதில் ஜன்னல் தெரிந்தது. கம்பிகளோடு தெரிந்தது. என் கழுத்து மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

"இன்னும் எத்தன தாள் வேணும் மாமா?"

"ஊர்ல இருக்கறவன் அத்தன பேரும் இருமற அளவுக்கு வேணும் மாப்ள."

டீக்கடை டீக்கடையாகப் போனேன். பெட்டியை எறிவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு பையனுக்காக இரண்டு சிகரெட் கூடுதலாகப் பிடித்தவர்களும் உண்டு. ஒரு தகர டப்பா நிறையச் சேர்த்தேன். மாமா எல்லாவற்றையும் உரித்து, அடுக்கி, மணிவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நாளைக்கு ஒட்டிரலாம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

இங்கேதான் நான் வேலையைக் காட்டினேன்.

என் அப்பாவுக்கு பிளீச்சிங் பட்டறையில் வேலை. மிஷினிலிருந்து வரும் பனியன் துணி பழுப்பாக, எண்ணெய்க் கறையோடு இருக்கும். அப்பா அதைக் காரம், அதாவது காஸ்டிக் சோடா, போட்டு வேகவைத்து, வெளுத்து எடுத்தால் கொக்கு மாதிரி வரும். எந்த அழுக்கையும் காரம் வெளுக்கும் என்று அப்பா சொல்வார். எங்கள் தெருவில் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான் சேர்த்த தாள்களில் சிலது டீக்கடைத் தரையில் கிடந்து மங்கியிருந்தன. வெளுத்துக் கொடுத்தால் மாமா சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. சாக்கடை அடைத்தால் ஊற்றுவதற்கென்று அப்பா கொஞ்சம் காரத்தைப் பாட்டிலில் வைத்திருந்தார். வாளித் தண்ணீரில் அதைக் கொட்டினேன். வாளி சுட்டது. தாள்களைப் போட்டேன்.

வாளி சீறியது. வெள்ளியெல்லாம் கறுத்து, நுரைத்து, ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே போனது. கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். விரல் எரிந்ததுதான் மிச்சம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வாளியில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு ஊர் பிடித்த சிகரெட் அத்தனையும் போச்சு.

மாமா வந்தார். வாளியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குழாயடியில் வெகுநேரம் காட்டினார். அடிப்பார் என்று காத்திருந்தேன்.

"வெளுக்கப் போட்டியா?"

"ஆமாங் மாமா."

"உங்கொப்பன் மகன்தான் நீ. சந்தேகமே இல்ல."

அதற்குப்பிறகு மாமா பெயிண்ட் டப்பாக்களைக் கிளறினார். சில்வர் பெயிண்ட்டை ஒரு கட்டையில் அடித்துப் பார்த்தார். தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. கட்டையை வீசிவிட்டுப் பீடி வாங்கப் போனார். நானும் போனேன்.

பாய் கடை தெருமுனையில் இருந்தது. பீடி, வெற்றிலை, பீடா எல்லாம் விற்பார். கல்யாண வீடுகளுக்கு இனிப்பு பீடா மடித்துக் கொடுப்பதிலும் பேர்போனவர். அன்று ஏதோ நிக்காஹ்வுக்காக மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பீடாவின் மேலும் வெள்ளி ரேக்கு. அடித்து அடித்து மெலிசாக்கிய நிஜ வெள்ளி. மாமா பீடி கேட்கவில்லை. அந்தப் பீடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், இது மரத்துல ஒட்டுமா?"

"நாக்குல ஒட்டும். மரத்துல எவன் ஒட்டிப் பாத்தான்? ஏன் தம்பி, கட்டிலுக்கு பீடா குடுக்கப் போறியா?"

மாமா காரியத்தைச் சொன்னார். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கட்டு ரேக்கை எடுத்து மாமா கையில் வைத்தார். காகிதத்துக்கு ஒன்றாக நடுவில் வெள்ளி.

"விரல் படக்கூடாது, பட்டா விரலோட போயிரும். காத்து படக்கூடாது. தும்மல் கிம்மல் வந்தா இப்பவே தும்மிட்டுப் போங்க. உள்ள போயித் தும்முனீங்கன்னா வெள்ளி மழதான்."

நான் அங்கேயே மூன்று தடவை தும்மிப் பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலை. சித்திரை மாதம். மாமா வீட்டு ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்தார். ஃபேன் கிடையாது. பம்பரில் வார்னிஷ் தடவி, அது காய்ந்தும் காயாமல் ஒட்டுகிற பதத்துக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வேர்வை சொட்டியது. மாமா காகிதத்தோடு ரேக்கைக் கவிழ்த்தார். காகிதத்தை எடுத்தார். மூச்சை நிறுத்திக்கொண்டு நானும் பார்த்தேன். அந்த வெள்ளி, தானே ஏதோ முடிவு செய்த மாதிரி, மெல்லக் குனிந்து பம்பரைக் கட்டிக்கொண்டது. மாமா வேஸ்ட் துணியால் ஒற்றினார். மடிப்பு ஒன்றுகூட இல்லை. சிகரெட் தாள் ஜன்னலைக் காட்டியது. இதுவோ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் வேர்வையோடு காட்டியது. வெள்ளியை ஒருவன் மூச்சால் நகர்த்துவதை அன்றுதான் பார்த்தேன். கிரில் பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்கு வைத்து, லேசாக, குழந்தை முகத்தில் ஊதுகிற மாதிரி ஊதுவார். அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே அம்மா கதவைத் தட்டினாள். "ஏன்டா, உள்ள என்ன, கோழிய அட வெச்சிருக்கீங்களா?"

மாமாவால் பதில் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பதில் வராததால் பயந்துபோய் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காற்றும் வந்தது. ரேக்குக் கட்டிலிருந்து ஒன்று எழும்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, அம்மாவின் வேர்த்த கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, அசையாத!" என்றார் மாமா. ஆனால் அம்மா அதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்தது பாதிதான் போனது. அன்று முழுக்க அம்மா ஒரு பக்கம் வெள்ளிக் கன்னத்தோடுதான் தண்ணீர் பிடித்தாள், சந்தைக்குப் போனாள்.

மணிவிழா அன்று பெரியவர் வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நிறைந்திருந்தது. மாமா காரைப் பனியன் துணியில் மூடிக் கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைத்தார். பெரியவர் துணியை எடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"என்ற வண்டி இப்படி மினுங்குனதே இல்லியே" என்றார்.

மூத்த மகன் மாமாவைப் பார்த்த பார்வையில் ரூமுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. பெரியவர் சொன்னது நிஜம்தான். பிளீச்சிங் காற்று நிக்கலைத் தின்றுவிடும். நாங்கள் பார்த்தபோதெல்லாம் அந்தக் கார் புள்ளிபுள்ளியாகக் கறுத்துத்தான் இருந்தது. அது மாமாவுக்கும் தெரியும். தெரிந்தும் மினுங்க வைத்துவிட்டார்.

அப்போது பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி குனிந்து பார்த்தார்.

"வாங்கியாந்த அன்னிக்கு இப்படித்தானுங்க இருந்துச்சு. நாந்தான் ஏற மாட்டேன்னுட்டேன். எங்க பாத்தாலும் என்ற மொகமே தெரியுது, வெக்கமா இருக்குதுன்னு."

பெரியவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மூத்த மகன் மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரூம் கிடைத்துவிட்டது!

அதோடு மாமா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராக முன்னால் வந்து, "ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறேன். இது வெள்ளிங்க. மேல வார்னிஷ் அடிச்சா மஞ்சப் பூத்துரும்னு அடிக்கலீங்க. நம்மூருக் காத்துக்கு நாலஞ்சு மாசத்துல கறுத்துப் போயிரும்" என்றார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"அத ஏம்ப்பா இப்பச் சொல்றே?" என்றார் மூத்த மகன்.

"கறுத்த பொறவு திட்டுவீங்க. அத இப்பவே வாங்கிக்கலாம்னுங்க."

"கறுக்கட்டும்" என்றார் பெரியவர். "அப்பத்தான் அது என்ற வண்டி மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெரியவர்கள் கோபத்தை மறைத்துக்கொள்ள இப்படிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். கார் கறுத்ததும் ரூமைப் பிடுங்கிக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா சொன்ன மாதிரியே ஐந்து மாதத்தில் கறுத்தது. கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிப் பேச மாமா பெரியவர் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மாமாவும் மூத்த மகனும் வாசலில் கேட்டருகே நின்றுகொண்டார்கள். நான் உள்ளே போனேன். பெரியவர் நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில், கைக்கு எட்டுகிற இடத்தில் கார் இருந்தது. பம்பரெல்லாம் புகைபிடித்த மாதிரி.

அம்மா கொலுசு கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பாள். சாமிப் படத்துக்குக் கீழே திருநீறு இருந்தது. எடுத்து, பம்பரின் ஒரு மூலையில் தேய்த்தேன். பளீரென்று வந்தது. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளி போய்விட்டது. நீர்க்குமிழி மாதிரி இருந்ததே, அழுத்தித் தேய்த்தால் நிற்குமா? அடியிலிருந்த செங்கல் நிறம் கட்டைவிரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அப்போது பெரியவர் வந்துவிட்டார். கையில் பேப்பர். கண்ணாடி போடாமல் வெறும் கண்ணோடு உட்கார்ந்து, நூல் விலைப் பட்டியலில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் வாசலில் இருந்த மகனுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். பிறகு பேப்பரை மடித்தார். காரைப் பார்த்தார். என் சாம்பல் பூத்த கையைப் பார்த்தார். காரை எடுத்து அந்த மூலை சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார்.

மாமா உள்ளே வந்து, "கார் கறுத்துப் போச்சுங்களா?" என்றார்.

"அது நல்லா இருக்குது. இந்தப் பையனுக்கு ஒரு டம்ளர் மோர் குடுக்கச் சொல்லு. கையக் கழுவிட்டுக் குடி கண்ணு."

திரும்பி வரும்போது, சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "பாவம் மாமா, கார் கறுத்ததுகூடத் தெரியல. பெரியவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியறதில்ல."

"அப்படியா மாப்ள?" என்றபடி மாமா மிதித்துக்கொண்டிருந்தார்.

அதை நான் தெருவெல்லாம் சொன்னேன். அதோடு விடவில்லை. மங்கலம் ரோட்டில் அவர் நடந்து வருவதைப் பார்த்தால், மாமா கடையிலிருந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, லாரி வருதுங்க, பாத்து வாங்க என்று ரோட்டைத் தாண்டவைப்பேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருவார்.