ஈயச்சொம்பு ரசமும் ஒரு வலது கையும்

காலையில் காபி டம்ளரைத் தூக்கியபோது என் கணவரின் வலது மணிக்கட்டு அப்படியே தொங்கிவிட்டது. அதற்கு முன் சில மாதங்களாகவே வயிற்றுவலி, சோகை (ரத்தத்தில் சிவப்பணு குறைவது). எண்டோஸ்கோபியில் (குழாய்க் கேமராவால் வயிற்றைப் பார்ப்பது) ஒன்றும் தெரியவில்லை. தில்லிக் காற்றுதான் காரணம் என்று நாங்களே தீர்ப்பு எழுதியிருந்தோம். இங்கே எல்லாவற்றுக்கும் அதுதானே காரணம்.

நரம்பு டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. பெயின்ட், பேட்டரி வேலை உண்டா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றதும், எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்றார். இவர் தன் ஈயச்சொம்பு ரசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். ரத்தப் பரிசோதனையில் காரீயம் (நரம்பைக் கெடுக்கும் நச்சு உலோகம்) எக்கச்சக்கம்.

ஈயச்சொம்பைத் தூய வெள்ளீயத்தில் செய்ய வேண்டும்; அதில் பயமில்லை. கரோல் பாக் கடை ஒன்றில் நாங்கள் வாங்கியதில் காரீயம் கலந்திருந்தது. புளித்தண்ணீர் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்திருக்கிறது. இவர் ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிப்பவர். நான் மோர்க்கட்சி, தப்பித்தேன்.

கீலேஷன் சிகிச்சை (உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து) தொடங்கியது. இவருக்குக் கவலை வேறு. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இவர் ரசம் பிரசித்தம். இவர் பேச்சைக் கேட்டு அதே கடையில் மூன்று வீட்டார் சொம்பு வாங்கியிருந்தார்கள். அதில் எதிர் பிளாக் உஷாவின் மகளுக்கு மூன்று வயது, தினமும் ரசம் சாதம். காரீயம் குழந்தைகளின் மூளையையே பாதிக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதாதா என்றேன்.

“நான் சொல்லித்தானே வாங்கினா. நானே போய்ச் சொல்றதுதான் மரியாதை.”

மணிக்கட்டைத் தாங்கப் பட்டை கட்டிய கையோடு மூன்று வீட்டுக்கும் படியேறினார். ஒரு வீட்டில் உள்ளே கூடக் கூப்பிடவில்லை. உஷா அழுதுவிட்டாள். மறுநாள் பரிசோதனைக்கு இவரும் கூடப் போனார். குழந்தையின் ரத்தத்திலும் காரீயம் இருந்தது, ஆனால் குறைவாக. சொம்பை நிறுத்தியதும் அடுத்தடுத்த பரிசோதனைகளில் இறங்கிக்கொண்டே வந்தது.

“மாமா வந்து சொல்லலேன்னா இன்னும் குடுத்துண்டேதான் இருந்திருப்பேன்,” என்றாள் உஷா.

கல்யாணமான நாளிலிருந்து இவர் தன் பெருமையைத் தானே பேசித்தான் கேட்டிருக்கிறேன். எனக்கே பெருமையாக இருந்தது அன்றுதான்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கை திரும்பும், ஆனால் மெதுவாக. முதலில் விரல்கள் அசைந்தன, பிறகுதான் மணிக்கட்டு. எலும்பில் படிந்தது வெளியேறப் பல வருடங்கள் ஆகுமாம். நாங்களும் இப்போது அவசரப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உஷாவின் மகள் சாப்பிட வருகிறாள். ரசம் இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில்தான். “தாத்தா, ஜல்தி (சீக்கிரம்),” என்று தட்டைத் தட்டுகிறாள். இவர் வலது கையால் கரண்டியை எடுத்து, தன் வேகத்திலேயே ஊற்றுகிறார். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்துகிறது. கரண்டியை வாங்கிக்கொள்ள நான் எழுந்திருப்பதில்லை.