வலைமேல் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்

சென்ற வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். அதன் சத்தம் எனக்குப் போதவில்லை. பழவேற்காட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் நண்பர் சைலன்சரைக் கழற்றி, நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். சூட்டைத் தடுக்கும் தகடு கடகடத்ததால் அதையும் எடுத்துவிட்டார்.

"படகுல இதெல்லாம் ஏது? இப்ப பாரு, சிங்கமாட்டம் கத்தும்" என்றார். வேகமும் கூடியதுபோல் இருந்தது.

அன்று மாலையே லைட்ஹவுஸ் குப்பத்திலுள்ள என் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். எங்கள் தெருவில் வலையைச் சாலையில் விரித்துத்தான் பழுது பார்ப்பார்கள். வண்டிகள் அதன்மேல் மெல்ல ஏறிப் போவது வழக்கம். நானோ பக்கத்து வீட்டு எல்லம்மா அக்காவின் வலைமேல் காரை நிறுத்தி, அவருக்குச் சத்தத்தைக் காட்ட ஆக்சிலேட்டரை மிதித்தேன். அக்கா இரு கைகளையும் ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

கருகிய வாசம் வந்து எஞ்சினை அணைத்த பிறகே அவர் குரல் கேட்டது. "எடு நைனா, வலை எரியுது!"

காருக்கு அடியில் தாழ்ந்திருந்த சூடான குழாயில் வலையின் நைலான் உருகி ஒட்டி, தீப்பிடித்திருந்தது. அக்கா மணலை வாரி இறைத்து அணைத்தார். இறால் சீசனில் அக்கா வீட்டில் இருந்த ஒரே வலை அது.

"சத்தம் நல்லாத்தான் கீது. நான் கத்துனதுதான் உனுக்குக் கேக்கல" என்றார்.

புது வலை வாங்கித் தந்தேன். அதில் மிதவையும் ஈயக் குண்டும் கோத்து முடிப்பதற்குள் இறால் வரத்து குறைந்துவிட்டது.

பழைய சைலன்சரையும் தகட்டையும் திரும்ப மாட்டிவிட்டேன். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். ஆனாலும் தூரத்தில் என் கார் தெரிந்தாலே அக்கா வலையைச் சுருட்டத் தொடங்கிவிடுகிறார்.