விமானத்தை விரட்டிய அத்தாயி

மலையூரான தலைச்சோலையில் அத்தாயிக்குக் குரல்தான் சொத்து. சாமைக் கதிரில் குருவி இறங்கினால் மற்றவர்கள் கல்லைத் தேடுவார்கள், அத்தாயி வாசலில் நின்றபடியே "ஓஓய்!" என்பாள். குருவிகள் போன இடம் தெரியாது. எதிர்ச் சரிவில் காப்பி பறிக்கிறவர்கள், "அத்தாயி எந்திரிச்சுட்டா" என்று சொல்லிக்கொள்வார்கள். தொண்டைக்கு ஓய்வு வேண்டிய நாட்களுக்கென்று ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரமும் குச்சியும் வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்துக்கு விமானம் வரத் தொடங்கிய புதிது. சின்ன விமானம்தான். காலையில் வந்து, இறங்குவதற்கு முன் மலையைச் சுற்றித் திரும்பும். திரும்புகிற இடம் அத்தாயி வீட்டுக் கூரைக்கு நேர் மேலே. முதல் வாரம் ஊரே கைதட்டியது. இரண்டாம் வாரம் ஆடுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தாயி மட்டும் பல்லைக் கடித்தாள். காரணம், அடைக்கோழி.

முட்டைகள் கிளியூரிலிருந்து வந்தவை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சம்பந்தி மாதம்மாள் வளர்க்கும் நெட்டைக்கால் சேவலின் வாரிசுகள். முதல் தடவை அனுப்பியது அத்தனையும் கூமுட்டையாகப் போனது. இரண்டாம் தடவை அனுப்பும்போது மாதம்மாள் மருமகளிடம் சொல்லியனுப்பினாள்: "எங்க ஊட்டு முட்டை எங்கயும் கெட்டதில்லைங்க. எல்லாம் அடை வெக்கிற கையிலதான் இருக்குதுங்க."

அந்தப் பேச்சு அத்தாயிக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. இந்தத் தடவை பொரிக்காவிட்டால் கிளியூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க அடைக்கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போடுவது வழக்கம். விமானம் இடியைவிடத் தாழ வருகிறதே! அத்தாயி ஆணியோடு அரிவாளை வைத்தாள். அரிவாளோடு ஏர்க் கொழுவை வைத்தாள். கோழிக்கு உட்கார இடமில்லை.

"அடை வெச்சிருக்கியா, கொல்லுப்பட்டறை வெச்சிருக்கியா?" என்றார் கணவர் அங்கப்பன்.

"நல்லாச் சிரிங்க. கூமுட்டையாப் போனா கிளியூருக்கு நீங்கதான் போயிப் பதில் சொல்லோணும்."

அங்கப்பன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கொழுவை எடுத்த பிறகும் விமானம் வந்தால் கோழி கழுத்தை நீட்டியது. இனி விரட்டுவதுதான் வழி என்று அத்தாயி முடிவு செய்தாள். தூரத்தில் உறுமல் கேட்டதும் தகரத்தோடு வாசலுக்கு ஓடினாள். தடதடவென்று தட்டி, "ஓஓய்! போ அந்தண்ட!" என்று கத்தினாள். விமானம் தினமும் போகத்தான் செய்தது. "பாத்தீங்களா, ஓடிருச்சு" என்பாள். உள்ளே கோழி கூடையைவிட்டுப் பறந்து அடுப்பு மேட்டில் நிற்கும். "பாவி பிளேனு!" என்பாள்.

எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் தூக்கம் கெடுகிறது என்று புகார் போயிருந்தது. விசாரிக்க விமான நிலையத்திலிருந்து பாலசுப்பிரமணியம் என்ற அதிகாரி, சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். விமானம் திரும்புகிற இடம் பார்த்து அத்தாயி வாசலிலேயே கருவியை நிறுத்தினார்.

தூரத்தில் உறுமல் கேட்டது. அத்தாயி பழக்கதோஷத்தில் தகரத்தை எடுத்துத் தட்டினாள். கருவியின் முள் எகிறி ஓரத்தில் முட்டி நின்றது. கோழி கொக்கரித்துக்கொண்டு அதிகாரியின் கால்களுக்கிடையே ஓடியது.

"பாத்தீங்களா சார், பிளேனு பண்ற அநியாயத்த!"

"ஏனுங்கம்மா, பிளேனு இன்னும் வரவே இல்லீங்களே" என்றார் அவர்.

அத்தாயி கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். பிறகு கோழியைப் பார்த்தாள். அங்கப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

விமானம் திரும்பிப் போகும்வரை அதிகாரி காத்திருந்தார். தகரம் அங்கப்பன் கைக்குப் போயிருந்தது. கோழி கூடைக்குத் திரும்பியிருந்தது. விமானம் மேலே வந்தபோது அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுத்தன. கோழி கழுத்தை நீட்டி ஒருமுறை முனகிவிட்டு, மறுபடி அமுங்கிக்கொண்டது.

"இதுவும் அதிகந்தானுங்க" என்றார் அதிகாரி, முள்ளைப் பார்த்தபடி. "காட்டுப் பக்கமா, கொஞ்சம் ஒசரத்துல திரும்பச் சொல்லி பைலட்டுகிட்ட நான் பேசறேன். தகரத்துகிட்ட நீங்க பேசுங்க."

சொன்னபடி செய்தார். சில நாட்களில் விமானம் தள்ளிப் போய்த் திரும்பியது. காதுக்கு ஒரு வண்டின் ரீங்காரம்தான் மிஞ்சியது. சத்தம் போடாமல் தன் பங்கைக் காப்பாற்றத்தான் அத்தாயி திண்டாடினாள். குருவி இறங்கினால் வாயில் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு, கைகளை வீசியபடி சாமைக்குள் ஓடினாள். இதைப் பார்த்த பக்கத்து வீட்டு ராசம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். "நொம்ப முடியலியா அக்கா?"

முட்டைகள் பொரித்தன. செய்தி கேட்டு மாதம்மாளே கிளியூரிலிருந்து வந்தாள். குஞ்சுகள் வாசலில் உருண்டன.

"வாங்க சம்பந்தி" என்று கிசுகிசுத்தாள் அத்தாயி.

"தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்றாள் மாதம்மாள். குஞ்சுகளைச் சுற்றிவந்து பார்த்தாள். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. "பரவால்லீங்க, காலு எங்க சேவலாட்டமே…"

வாசலில் ஒரு நிழல் வட்டமடித்தது. பருந்து.

அத்தாயி அங்கப்பனைப் பார்த்தாள். அவர் தகரத்தை நீட்டினார். அவளோ வாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மொத்தத்தையும் ஒரே "ஓஓய்!" ஆக விட்டாள்.

பருந்து காட்டுப் பக்கமாக, நல்ல உயரத்தில் திரும்பிப் போனது. தாய்க்கோழி இந்தத் தடவை ஓடவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. மாதம்மாள் காதிலிருந்து கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

எதிர்ச் சரிவிலிருந்து யாரோ கூவினார்கள்:

"அத்தாயிக்கு ஒடம்பு தேவலையாட்டிருக்குது!"